பாதுகாப்பு அல்லது விளையாட்டு

துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விளையாட்டு என்ற சொல்லை வைத்தால் தமிழில் அது சரியாக உட்காருவதில்லை. நம்மிடம் இருப்பது வேட்டைத் துப்பாக்கி. வேட்டையில் பசி இருக்கலாம், பயம் இருக்கலாம், ராஜபோகம் இருக்கலாம். விளையாட்டு என்று மட்டும் அந்தச் சொல் தன்னை ஒப்புக்கொள்வதில்லை. ஆங்கிலேயனுக்கு 'ஸ்போர்ட்டிங் கன்' என்று சொல்ல எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. ஸ்போர்ட் என்பதில் எதிராளிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்கிற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரு பறவையைக் கொல்கிற காரியத்தில் பறவைக்கு என்ன வாய்ப்பு, அதை யார் தருவது, தந்துவிட்டால் கொலை வேறு ஏதாவதாக ஆகிவிடுமா என்பவை கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விகள். கவிதையும் விமர்சனமும் வருகிற பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடியவர்கள், இந்த தேசத்தின் ஆதிகாவியமே அடிபட்டு விழுந்த ஒரு பறவையிலிருந்து பிறந்ததாக நாமே பெருமையோடு சொல்லிக்கொள்வதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வேட்டைத் துப்பாக்கியின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு போகையில் எனக்குப் பட்டது, அது பெரும்பாலும் ஒரு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்த சரித்திரம் என்பது. கொல்ல நினைப்பதற்கும் கொல்வதற்கும் நடுவில் இருந்த இடைவெளி. சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் குதிரை விழுந்து, அதன் வாயில் கவ்வியிருக்கும் கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணியிலுள்ள மருந்தில் விழுந்து, அந்தத் தீ ஒரு ஊசித் துளை வழியாகக் குழலுக்குள் நுழைந்து, அங்கே கெட்டித்திருக்கிற மருந்தைப் பற்றவைக்க வேண்டும். நொடியில் ஒரு சிறு பங்குதான். ஆனால் தண்ணீரில் மிதக்கிற காட்டு வாத்துக்கு அது போதும். கிண்ணியில் மின்னியதைப் பார்த்த மாத்திரத்தில் முழுகிவிடும். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத் இதில் அலுத்துப்போய், அடித்தால் வெடிக்கும் ரசாயன உப்பைக் கொண்டு கல்லையும் கிண்ணியையும் ஒழித்துக்கட்டினார். 1807இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஆகாயத்துப் பறவைகளைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. உலகத்து ராணுவங்களெல்லாம் பிற்பாடு எடுத்துக்கொண்ட ஒரு முறை, வாத்து முழுகித் தப்பித்த எரிச்சலில் பிறந்திருக்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. செம்புக் கேப்பு வந்தது. 1830களில் பாரிஸில் லெஃபோஷே என்பவர் குழலை மடித்துத் திறந்து பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகும் துப்பாக்கியைச் செய்தார். 1851இல் லண்டன் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்ட பிறகு ஆங்கிலேயர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். 1875இல் பர்மிங்ஹாமில், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரைகளைப் பெட்டிக்குள் ஒளித்தார்கள். குழலை மடித்தாலே உள்ளே குதிரை ஏறிக்கொள்ளும். நம் பக்கத்தில் இன்றைக்கும் கண்ணில் படுகிற இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த 1875ஆம் வருஷத்து ஏற்பாட்டின் வாரிசுகளே.

கவனிக்க வேண்டியது, கருவியின் வேகம் கூடக்கூட விதிகளும் கூடியது. பறக்கும் பறவையைச் சுடுவது முன்பே இருந்த வழக்கம். அப்போது அது கெட்டிக்காரத்தனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவே ஒழுக்கமாகிவிட்டது. உட்கார்ந்திருப்பதைச் சுடாதே. பக்கத்து ஆளின் பறவையைச் சுடாதே. அடிபட்டு எங்கோ விழுந்ததைத் தேடி எடுக்காமல் வீடு திரும்பாதே. இயந்திரம் பறவையிடமிருந்து பிடுங்கிக்கொண்ட அந்த நொடிப் பங்கை விதி திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது என்று இதை அனுதாபத்தோடு சொல்லலாம். அனுதாபம் இல்லாமலும் சொல்லலாம்: சுலபமாகிவிட்ட காரியத்தில் சுவை இல்லை, ஆகவே செயற்கையாகக் கஷ்டத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டும் ஒருசேர உண்மை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பவன் என்பதால் 'பன்னிரண்டு போர்' என்ற பெயர் எனக்குப் பிடித்தமானது. அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை; அவ்வளவுதான் அதன் அர்த்தம். இப்போதைய அளவில் குறுக்காகப் பதினெட்டரை மில்லிமீட்டர் சுமார். ஆனால் பறவை சுடுகிறவன் அதில் ஒற்றை உருண்டையைப் போடுவதில்லை. ரவைகளைப் போடுகிறான், நம் ஊரில் பால்ரஸ் என்பார்கள். ஆங்கிலேய அளவுப்படி ஆறாம் நம்பர் ரவையில் ஒரு அவுன்ஸுக்கு 270, எட்டாம் நம்பரில் 450. இவற்றை உருட்டியெடுக்க பிரிஸ்டலில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782இல் ஒரு வழி கண்டார். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து கீழே தண்ணீருக்குள் விழவிட்டால், விழுகிற போக்கிலேயே ஒவ்வொரு துளியும் உருண்டையாகி இறுகிவிடுகிறது. மழைத்துளி விழுவதைப் பார்த்தவனுக்குத்தான் இந்த யோசனை வந்திருக்கும்.

450 ரவை ஒரே சமயத்தில் குழலை விட்டுக் கிளம்புகின்றன. விரல் ஒன்று, எண்ணம் ஒன்று. போய்ச் சேருவது ஒரு மேகம். பறவையைக் கொன்றது நாலைந்து ரவை. மற்றவை? ராமபாணம், அர்ஜுனன் மீனை அடித்தது என்று நம் மரபு கட்டிவைத்திருக்கும் கற்பனையெல்லாம் ஒற்றை அம்பைப் பற்றியது. குறி, குறி தவறுதல் என்று நாம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அந்த ஒற்றை அம்பே மனதில் இருக்கிறது. ரவைத் துப்பாக்கியின் தர்க்கம் வேறு. அது குறியை நம்புவதில்லை; பரப்பை நம்புகிறது. குழலின் வாயைச் சற்றே குறுக்கிப் பரப்பை இறுக்கும் வித்தை 1860களிலும் 70களிலும் வந்தது; பர்மிங்ஹாமின் கிரீனர் அதைப் பிரபலமாக்கினார். அப்போதும் அது பரப்புதான். தடயவியல்காரர்கள் சொல்லும் ஒரு விஷயம் இங்கே முக்கியமானது. ரைஃபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அவை குண்டின்மேல் தங்கள் கீறலைப் பதிக்கும். குண்டைப் பார்த்துத் துப்பாக்கியைச் சொல்லிவிடலாம். வழவழப்பான குழலிலிருந்து வரும் ரவையில் அப்படி எந்தக் கையெழுத்தும் இருக்காது. உடம்பிலிருந்து எடுத்த ரவையை மேஜைமேல் வைத்தால் அது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது.

என் வாதம் இதுதான். வேட்டை விளையாட்டின் விதிமுறைகள் பறவைமேல் வைத்த கருணையால் பிறந்தவை என்பதைவிட, சிதறிப்போகிற பொறுப்பைத் திரும்பக் கூட்டிச் சேர்ப்பதற்கான ஏற்பாடு என்று பார்ப்பது பொருத்தம். எது என் பறவை, எது உன்னுடையது, எத்தனை விழுந்தது, எத்தனை அடிபட்டும் தப்பியது என்று இங்கிலீஷ்காரன் வேட்டைக்கென்றே பேரேடு வைத்துக்கொண்டான். பேரேடு என்பதே ஒருவகைப் பொறுப்பு என்று நானும் நினைத்துக்கொண்டுதான் தினம் காலையில் வேலைக்குப் போகிறேன். ஆனால் பேரேட்டுக்குக் கூட்டத் தெரியும், போதும் என்று சொல்லத் தெரியாது. சென்னை மாநகராட்சிக் கட்டடம் யார் பெயரில் நிற்கிறதோ அந்த வைஸ்ராய் ரிப்பனின் மகன், இரண்டாம் ரிப்பன் பிரபு, இங்கிலாந்தின் முதல்தரமான குறிகாரர் என்று பேர் வாங்கியவர். 1923இல் வேட்டைக் களத்திலேயே இறந்துபோனபோது அவர் கணக்கில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இருந்தன. எல்லாம் முறைப்படி சுடப்பட்டவை. வேலையாட்கள் புதரை அடித்துக் கலைத்துப் பறவைகளைத் துப்பாக்கிகளை நோக்கி ஓட்டிவர, தோட்டா செருகித் தரப் பின்னால் இரண்டு பேர் நிற்க, ஒன்றையும் உட்கார்ந்த நிலையில் சுடாமல் ஐந்தரை லட்சம். விதிக்குள் நின்றுகொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் தேவையில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்த விளையாட்டு வந்தது உள்ளானுக்காக. சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிற மாதங்களில் வடக்கேயிருந்து வந்து சேற்றில் அலகை ஊன்றித் துழாவிக்கொண்டிருக்கும் சிறிய பறவை. எழுந்தால் நேராகப் பறக்காது, கோணல்மாணலாக ஒடித்து ஒடித்துப் போகும். அதனாலேயே அதை அடிப்பது பெரிய கெட்டிக்காரத்தனம். 1770களில் இந்தியாவிலிருந்த வெள்ளை அதிகாரிகளின் கடிதங்களில், உள்ளான் சுடப் போவதைக் குறித்த வினைச்சொல்லிலிருந்துதான் 'ஸ்னைப்பர்' என்ற வார்த்தை கிளம்பியது. மறைந்திருந்து மனிதனைக் குறிபார்த்துக் கொல்பவனுக்கு உலகம் முழுக்க இன்று வழங்கும் பெயர், நம் வயல்வரப்பில் திரிகிற ஒரு பறவையின் பெயர்.

துரைமாருடைய துப்பாக்கி கைமாறி மிராசுதார் வீட்டுக்கு வந்தது. விதிமுறைகள் கூட வந்தனவா என்றால், அநேகமாக இல்லை. வந்தது லைசென்ஸ். 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டியதில்லை. இப்படி ஆரம்பித்த ஒரு தேசத்தில் துப்பாக்கி வைத்திருப்பதே ஒரு பட்டம் மாதிரி ஆனதில் ஆச்சரியம் இல்லை. கூடத்துச் சுவரில், தாத்தாவின் படத்துக்குக் கீழே, இரண்டு ஆணிகளில் அது தொங்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. "எலெக்‌ஷன்னு சொன்னா ஊர்ல மொதல்ல உள்ள போறது என் துப்பாக்கிதான் தம்பி" என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ஒப்படைத்து, ஒரு தடவை திரும்ப வாங்கப் போகவேயில்லை. அதில் அவர் கடைசியாக எப்போது சுட்டார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, பொங்கலுக்கு வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டதாகச் சொன்னார்.

சுதந்திரத்துக்குப் பிந்திய 1959ஆம் வருஷத்துச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு, இலக்கிய விமர்சகன் படிக்க வேண்டிய ஒரு பிரதி. இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் லைசென்ஸ் தரலாம். வாய்வழியாகக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால் தரலாம். சட்டம் எழுதியவர் ஜாதியையும் வர்க்கத்தையும் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் யார் எதைச் சுமந்து எங்கே நிற்பார்கள் என்பது முழுக்க அதற்குள் இருக்கிறது. பாதுகாப்பு, விளையாட்டு என்ற இரண்டையும் ஒரு 'அல்லது' போட்டு ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறதே, அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அந்த வாக்கியத்துக்கு இழுப்பது. உள்ளானுக்கும் மனிதனுக்கும் ஒரே குழல்.

வயல்வெளியில் இன்னொரு துப்பாக்கி இருந்தது, நரிக்குறவருடையது. குழலின் வாயில் கரிமருந்தைப் போட்டு, அடைப்பு வைத்து, கம்பியால் கெட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடி கெட்டித்து, மடைவாயில் நிற்கும் மடையானையோ கொக்கையோ அவர் சுடுவார். உட்கார்ந்திருக்கும்போதே சுடுவார்; இரண்டு ஒரே வரிசையில் வந்து நிற்கும்வரை காத்திருந்தும் சுடுவார். ஒரு தடவை சுடுவதற்குச் செலவாகிற மருந்துக்கு அன்றைக்குச் சோறு திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், பறவைக்கு வாய்ப்புத் தருகிற வசதி அவருக்குக் கிடையாது. ஸ்போர்ட்டின் கண்ணோட்டத்தில் இது ஈனச் செயல். எனக்கு இதில் குறைந்தபட்சம் பொய் இல்லை என்று படுகிறது. அவருடைய இடைவெளி, தேவைக்கும் கிடைப்பதற்கும் நடுவில் உள்ளது. அதை அவர் இட்டுக்கட்டவில்லை. இதைச் சொல்வதால் அவரைப் புனிதராக்குகிறேன் என்று கொள்ள வேண்டாம். கூட்டில் குஞ்சிருக்கும் நாரையும் அவர் துப்பாக்கிக்குத் தப்பியதில்லை.

இங்கேதான் வால்மீகி. கிரௌஞ்ச ஜோடியில் ஆணை அடித்த வேடனுக்குச் சாபம் கிடைத்தது, அந்தச் சாபமே சுலோகமாயிற்று. அதே காவியத்தில் ஒரு அரசகுமாரன், இருட்டில், சத்தத்தை மட்டும் நம்பி, யானை தண்ணீர் குடிக்கிறது என்று எண்ணி அம்பு விடுகிறான். விழுந்தது கண் தெரியாத பெற்றோருக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை. தசரதனையும் சாபம் தொடரத்தான் செய்கிறது. ஆனால் காவியம் அவனுக்குப் பச்சாதாபத்தையும் மரணப் படுக்கையையும் நம் கண்ணீரையும் தருகிறது. வேடனுக்கு ஒரு பெயர்கூடத் தரவில்லை. அன்று இரவு அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எந்த உரைகாரரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. நம் அழகியலின் ஊற்றுக்கண்ணில் இந்தப் பாரபட்சம் இருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தார்கள். 1991ஆம் வருஷத்துத் திருத்தத்தோடு அதுவும் போயிற்று. அந்தச் சட்டம் தேவையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிராசுதாருக்கு ஒரு பொழுதுபோக்குப் போயிற்று, குறவருக்குப் பிழைப்புப் போயிற்று. இரண்டையும் ஒரே சொல்லால் சட்டம் 'வேட்டை' என்றது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023இல்தான் வந்தது. நடுவில் போன காலம் ஊசிமணி, பாசிமணி, பஸ் ஸ்டாண்டு.

'அல்லது' பற்றிச் சொன்னேன். இந்த ஜில்லாவில் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனது 1968 டிசம்பர் 25 இரவு. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதில் தொடங்கிய தகராறு. கீழ்வெண்மணிக்கு வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன, சுட்டார்கள். ஓடியவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. செத்தவர்கள் 44 பேர். கொன்றது தீ. துப்பாக்கி அங்கே செய்தது, ரிப்பன் பிரபுவின் ஆட்கள் புதரை அடித்துச் செய்த வேலை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அந்தஸ்துள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம், வேலைக்காரர்களை ஏவியிருப்பார்கள் என்பது நீதிமன்றத்துக்குப் பட்ட காரணங்களில் ஒன்று. கனவான் இப்படிச் செய்யமாட்டான் என்ற அனுமானம். அது எந்த வயலிலிருந்து முளைத்தது என்று பார்த்தால், உட்கார்ந்த பறவையைச் சுடாதவன் என்று கனவான் தன்னைப் பற்றித் தானே பரப்பிவைத்த அந்தக் கதையிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விதிமுறை இங்கே வந்து சேரவில்லை என்று மேலே சொன்னேன். அதன் நற்பெயர் மட்டும் வந்து சேர்ந்து, வேண்டிய நேரத்தில் சாட்சி சொல்லிவிட்டது. இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதியபோது பண்ணையாரின் அந்தரங்கக் குறைபாட்டில் காரணம் தேடப் போனார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நோயாளி ஒருவன் தேவைப்படாமலே, லைசென்ஸும் ரசீதும் சரியாக இருக்கிற ஆரோக்கியமான மனிதர்களால் நடக்கக்கூடியது அது என்பதே அதன் பயங்கரம். நாவல் அதைத் தவறவிட்டது.

கருவி நடுநிலையானது, கைதான் கெட்டது என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நான் அதை ஏற்கவில்லை. கருவிக்குள் ஏற்கனவே ஒரு யோசனை செய்துவைத்திருக்கிறார்கள். இந்தக் கருவிக்குள் இருக்கிற யோசனை, எது பட்டது என்று தெரியாதபடி பரப்பு என்பது. இதைச் சொல்கிற நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் கவுண்டருக்குப் பத்தடி தள்ளி, வாசலுக்குள், ஸ்டூல் போட்டு, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பன்னிரண்டு போர் இரட்டைக் குழலோடு உட்கார்ந்திருக்கிறார். அதே 1875ஆம் வருஷத்து வம்சம். மாதம் ஒருமுறை மடித்து, கம்பியில் துணி சுற்றி எண்ணெய் விட்டுத் துடைப்பார். அண்ணே, எப்பவாவது சுட வேண்டியிருந்தா என்ன பண்ணுவீங்க என்று ஒருநாள் கேட்டேன். "சுடுறதுக்கில்ல சார், இருக்கட்டும்னுதான்" என்றார். எதிரே நகைக்கடன் வரிசை. குறுவைக்கு விதைநெல் வாங்கத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொண்டுவந்த பெண்கள். நகை உள்ளே போகிறவரை அது அவர்களுடையது; போனபின் அதை அவர்களிடமிருந்தும் சேர்த்துத்தான் அந்தத் துப்பாக்கி காக்கிறது. அவர் விரலும் என் சம்பளமும் அந்தக் குழலும் ஒரே ஏற்பாட்டில் இருக்கின்றன. ஒரு நெருக்கடியில் அது வெடித்தால் எந்த ரவை என்னுடையது?

ஈயத்தைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குறி தவறிய ரவைகள் எங்கும் போய்விடுவதில்லை. ஏரியின் அடியில், சேற்றில் கிடக்கின்றன. வாத்து இரையை அரைப்பதற்காகப் பொடிக்கற்களைத் தேடி விழுங்கும்போது இதையும் சேர்த்து விழுங்குகிறது. இரைப்பையில் ஈயம் அரைபட்டு ரத்தத்தில் கலந்து பறவை மெலிந்து சாகிறது. சுட்டவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார், செத்தும்கூட இருக்கலாம். அமெரிக்காவில் இதற்காக 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்து இரும்பு ரவைக்கு மாறினார்கள். எந்தப் பேரேட்டிலும் இந்தச் சாவுகள் ஏறியிருக்காது.

வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் இப்போது சரணாலயங்கள். 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. மார்கழியில் போனால் வடுவூரில் நத்தைகுத்தி நாரையும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் நிறைந்திருக்கும். கரையில் கேமராவோடு நிற்பவர்களும் 'ஷூட்' பண்ணுவதாகத்தான் சொல்கிறார்கள். உட்கார்ந்திருப்பதைவிடப் பறப்பதை எடுப்பதே அவர்களுக்கும் கௌரவம். மடைக்குப் பக்கத்தில் ஊசிவால் ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு, அடிச்சேற்றை வெகுநேரம் துழாவிக்கொண்டிருந்தது.